செவிக்கு உழைத்த செம்மல்

மனிதனுக்கு வாய்த்த ஐம்பொறிகளுள் செவிக்குத் தனிச் சிறப்பு உண்டு. கண் பொருள்களின் வடிவைக் காட்டும். செவியோ பிறருடைய உள்ளத்தையே நமக்குத் திறந்து காட்டும். தாயின் தாலாட்டைக் கேட்கும் குழந்தை அதன் வழியே மொழியைக் கற்கிறது; மொழியின் வழியே உலகைக் கற்கிறது. கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தமை இதுபற்றியே போலும்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூருக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது அரியமங்கலம். அதன் அண்மையில் பொன்மலை இரயில்வே பணிமனை இருக்கிறது. சாலையின் இரைச்சலும் புகைவண்டித் தடத்தின் அதிர்வும் அவ்வூராருக்குப் பழகிப்போனவை. அவ்வூர்ப் பள்ளி ஒன்றில் கடைசி வரிசையில் ஒரு மாணவன் அமர்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் வினவுகிறார், அவன் விழிக்கிறான். மீண்டும் வினவுகிறார், அவன் தலைகுனிகிறான். உடன் பயிலும் சிறுவர் சிரிக்கின்றனர். கவனமில்லாதவன் என்று ஆசிரியரும் எண்ணிவிடுகிறார். உண்மையில் அவன் கவனமில்லாதவன் அல்லன். ஆசிரியர் கூறுவதில் பாதியே அவன் செவிக்கு எட்டுகிறது.

இக்குறையைக் கண்டறிவது எவ்வாறு? கண்டறியும் கருவியைச் செய்பவர் யார்? அதற்கான ஆராய்ச்சிக்குப் பொருள் கொடுப்பவர் யார்? இவ்வினாக்களுக்குத் தம் வாழ்நாள் முழுவதும் விடை தேடிய பெரியார் ஒருவர் இருந்தார். அவரைத் தொலைபேசியைப் படைத்தவர் என்றே உலகம் அறியும். அவரோ காது கேளாதோரின் ஆசிரியர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வதையே விரும்பினார். அவர்தாம் அலெக்சாண்டர் கிரகாம் பெல்.

பெல், ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் 1847-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3-ஆம் நாள் பிறந்தார். அவருடைய பாட்டனார் பேச்சுக்கலை பயிற்றும் ஆசிரியர். தந்தையார் மெல்வில் பெல்லும் அத்துறையில் வல்லவர். நாவும் உதடும் தொண்டையும் ஒவ்வோர் ஒலிக்கும் எவ்வாறு அசைகின்றன என்பதை ஆராய்ந்து, அவ்வசைவுகளைக் குறிக்கும் எழுத்து முறை ஒன்றைத் தந்தையார் வகுத்தார். நம் தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துகள் பிறக்கும் இடங்களையும் முயற்சிகளையும் விரித்துரைத்தார் அல்லரோ? அதனைக் கற்ற தமிழ் மாணவர்க்கு அம்முறையின் அருமை எளிதில் விளங்கும்.

பெல்லின் அன்னையார் எலிசா, செவிப்புலன் பெரிதும் குன்றியவர். எனினும் அவர் பியானோ வாசிப்பதில் தேர்ந்தவர். செவிக்குழல் ஒன்றை இசைக்கருவியின்மேல் பொருத்தி அதிர்வை உணர்ந்து வாசிப்பார். மற்றவர் அவருடன் பேச நேர்ந்தால் குழலில் உரக்கக் கூவுவர். சிறுவன் பெல் அவ்வாறு செய்யவில்லை. அன்னையின் நெற்றியருகே வாயை வைத்து மெல்லிய குரலில் பேசினான். அவ்வதிர்வால் அன்னை அவன் சொல்லை ஓரளவு உணர்ந்துகொண்டார். வீட்டில் பலர் கூடிப் பேசும்போது அன்னையின் பக்கத்தில் அமர்ந்து, விரல் எழுத்துகளால் அப்பேச்சை உடனுக்குடன் தெரிவிப்பதும் அவனுடைய வேலையாயிற்று. கூட்டத்தின் நடுவே இருந்தும் தனித்திருப்போரின் துன்பத்தை அவன் இவ்வாறு இளமையிலேயே அறிந்தான்.

இளமையில் அக்குடும்பத்தைக் கொடுந்துயர் சூழ்ந்தது. இளைய தம்பி 1867-ஆம் ஆண்டிலும், மூத்த தமையன் 1870-ஆம் ஆண்டிலும் காசநோயால் மாண்டனர். எஞ்சிய ஒரே மகனையும் இழக்க அஞ்சிய பெற்றோர், 1870-ஆம் ஆண்டிலேயே கடல் கடந்து கனடாவில் குடியேறினர். அந்நாட்டின் தூய காற்றில் பெல்லின் உடல் தேறியது.

அடுத்த ஆண்டு, பாஸ்டன் நகரில் இருந்த காது கேளாதோர் பள்ளிக்குத் தந்தையின் முறையைக் கற்பிக்கப் பெல் சென்றார். கேட்டறியாத குழந்தைகளுக்குப் பேசக் கற்பிப்பது எளிய செயல் அன்று. தம் குரலைத் தாமே கேளாத பிள்ளை, தொண்டையைத் தொட்டுப் பார்த்தும் உதட்டைக் கண்டும் ஒவ்வோர் ஒலியாகக் கற்க வேண்டும். பெல் அப்பணியில் சிறிதும் சலிப்படையவில்லை. பிறவியிலேயே காது கேளாத ஜார்ஜ் சாண்டர்ஸ் என்ற ஐந்து வயதுச் சிறுவனுக்காக, எழுத்துகள் பொறித்த கையுறை ஒன்றைச் செய்தார். அதன் எழுத்துகளைத் தொட்டுத் தொட்டு ஆசிரியரும் மாணவனும் உரையாடினர். 1873-ஆம் ஆண்டில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் குரலுறுப்பியல் பேராசிரியராகப் பெல் அமர்த்தப்பெற்றார்.

அவரிடம் பயின்றவருள் மேபல் ஹப்பர்டு என்ற நங்கையும் ஒருவர். ஐந்தாம் வயதில் வந்த கடுங்காய்ச்சல் அவருடைய கேள்திறனை முற்றிலும் பறித்துவிட்டது. அவருடைய தந்தையார் கார்டினர் ஹப்பர்டு மகளின் பொருட்டு மனம் தளர்ந்துவிடவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் காது கேளாத சிறுவர்க்குப் பேச்சு வழியில் கற்பிக்கும் பள்ளி ஒன்று வேண்டும் என்று சட்டமன்றத்தை அணுகினார். அத்தகைய பிள்ளைகளால் பேச இயலுமா என்று உறுப்பினர் பலர் ஐயுற்றனர். அக்குழுவினரின் வினாக்களுக்குச் சிறுமி மேபல் தன் வாயாலேயே விடை கூறினாள். அவர்தம் ஐயம் நீங்கியது. 1867-ஆம் ஆண்டில் கிளார்க் பள்ளி அரசின் ஒப்புதலுடன் தோன்றியது. ஒரு சிறுமியின் குரல் ஓர் அரசின் செவியைத் திறந்தது என்று கூறுதல் மிகையாகாது.

பெல் பகலில் கற்பித்தார், இரவில் ஆராய்ந்தார். பேச்சொலியைக் கண்ணால் காணச் செய்தால், காது கேளாத பிள்ளை தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் அன்றோ? இவ்வெண்ணத்தால் 1874-ஆம் ஆண்டில் அவர் விந்தையானதொரு சோதனையை மேற்கொண்டார். மருத்துவ நண்பர் ஒருவர் இறந்த மனிதனின் செவியைப் பெற்றுத் தந்தார். அதன் சிற்றெலும்பில் மெல்லிய வைக்கோல் துரும்பைப் பெல் பொருத்தினார். செவியினுள் பேசியபோது செவிப்பறை அதிர்ந்தது, துரும்பு அசைந்தது, புகை படிந்த கண்ணாடியில் அலையலையாய்க் கோடுகள் விழுந்தன. தாள் போன்ற மெல்லிய செவிப்பறை, அதனினும் கனமான எலும்புகளை அசைப்பதைக் கண்டு அவர் வியந்தார். அவ்வாறாயின், மெல்லிய தகடு ஒன்று பேச்சொலியால் அதிர்ந்து மின்னோட்டத்தை மாற்ற இயலாதோ? தொலைபேசியின் வித்து இவ்வினாவில் இருந்தது.

வித்து விரைவில் முளைத்தது. 1876-ஆம் ஆண்டு மார்ச்சு 7-ஆம் நாள் அவருக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. மூன்று நாள் கழித்து, அடுத்த அறையில் இருந்த உதவியாளர் வாட்சனின் கருவியில் பெல்லின் குரல் தெளிவாக ஒலித்தது. அவ்வாண்டிலேயே பிலடெல்பியா நகரில் பெரும் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. பள்ளித் தேர்வுப் பணி இருந்தமையால் பெல் அங்குச் செல்லத் தயங்கினார். மேபலின் வற்புறுத்தலால் சென்றார். அங்கே நடுவர்களுடன் பிரேசில் நாட்டுப் பேரரசர் இரண்டாம் பேதுரு வந்தார். பாஸ்டன் நகரில் காது கேளாதோர் பள்ளியைப் பார்வையிட்டபோது அவர் பெல்லைக் கண்டிருந்தார். ஆதலின் ஆசிரியரை அடையாளம் கண்டு அன்புடன் அணுகினார். கருவியைச் செவியில் வைத்துக் கேட்டு வியந்தார். தொலைபேசியின் புகழ் அன்று முதல் பரவலாயிற்று. 1877-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பெல் மேபலை மணந்தார்.

இனி நிகழ்ந்ததே நாம் சிறப்பாக அறிய வேண்டுவது. வோல்ட்டா என்னும் மின்னியல் அறிஞரின் பெயரால் பிரெஞ்சு அரசு பெரும் பரிசு ஒன்றை ஏற்படுத்தியிருந்தது. 1880-ஆம் ஆண்டில் அப்பரிசு பெல்லுக்குக் கிடைத்தது. பரிசுத் தொகை 50,000 பிராங்கு. அதனைக் கொண்டு மாளிகை எழுப்பியிருக்கலாம்; ஓய்ந்தும் இருந்திருக்கலாம். அவரோ அத்தொகையை முதலாக வைத்து வாஷிங்டன் நகரில் வோல்ட்டா ஆய்வுக்கூடத்தை நிறுவினார். அங்கே அவரும் துணைவர் இருவரும் ஒலிப்பதிவுக் கருவியைத் திருத்தி, மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் முறையைக் கண்டனர். அதன் உரிமைகளை விற்றதில் வந்த தம் பங்கைக் கொண்டு, 1887-ஆம் ஆண்டில் காது கேளாமை பற்றிய அறிவை வளர்ப்பதற்கும் பரப்புவதற்கும் வோல்ட்டா நிலையத்தைப் பெல் தோற்றுவித்தார். 1893-ஆம் ஆண்டில் அதற்குத் தனிக் கட்டடம் எழுப்பத் தொடங்கியபோது, முதல் மண்ணை வெட்டியவர் கண்ணும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர் என்ற இளநங்கை. அவர் ஆறு வயதுச் சிறுமியாக இருந்தபோது பெல் கூறிய வழியைப் பின்பற்றியே, அவருடைய பெற்றோர் நல்லாசிரியர் ஒருவரைத் தேடிப் பெற்றனர்.

ஓர் அரசு அறிவுக்கு அளித்த பரிசு, மழை நீர் ஆறாய் ஓடிக் கால்வாயாய்ப் பிரிந்து கடைமடை வரை பாய்வதுபோல், காது கேளாத பிள்ளைகளைச் சென்றடைந்தது. காவிரிக் கரையில் வாழும் நமக்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒருவர் வெட்டும் கால்வாய் ஓர் ஊருக்கே ஆகும். நாடு முழுவதும் நீர் பாய அரசே அணை கட்ட வேண்டும். பெல் இதனை நன்கு உணர்ந்திருந்தார். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், காது கேளாத சிறுவர் தம் வீட்டிலிருந்தே சென்று பயிலும் பகற்பள்ளிகளுக்கு உதவ 1885-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. அம்முயற்சிக்குப் பெல் துணை நின்றார். இலண்டனில் அரசு அமைத்த விசாரணைக் குழுவின்முன் 1888-ஆம் ஆண்டில் சென்று தம் கருத்துகளை எடுத்துரைத்தார். 1893-ஆம் ஆண்டில், பார்வையற்ற, காது கேளாத சிறுவரின் கல்விக்கென அந்நாட்டில் தனிச் சட்டம் பிறந்தது. அமெரிக்க அரசு 1900-ஆம் ஆண்டில் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தபோது, காது கேளாதோர் பற்றிய பகுதியை ஆராயும் பொறுப்பைப் பெல்லிடம் ஒப்படைத்தது. குறை எத்தனை பேருக்கு, எவ்வயதில், எக்காரணத்தால் வந்தது என்று அறியாத அரசு, மருந்து இன்னதென்று அறியாத மருத்துவனை ஒக்கும் அன்றோ?

கேள்திறனை அளக்கும் மின்கருவி ஒன்றையும் பெல் 1879-ஆம் ஆண்டில் அமைத்தார். அக்கருவியைக் கொண்டு பள்ளிச் சிறுவரைச் சோதித்தார். முழுதும் கேளாதவர் எனக் கருதப்பட்ட பலருக்குச் சிறிது கேள்திறன் எஞ்சியிருந்தது. நன்றாகக் கேட்பவர் எனக் கருதப்பட்ட சிலருக்குக் குறை இருந்தது. கடைசி வரிசை மாணவனை உலகம் அன்றுதான் முதன்முதலாக அளந்து அறியத் தொடங்கியது எனலாம். ஒலியின் அளவைக் குறிக்கும் டெசிபல் என்னும் சொல்லில் பெல்லின் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

பெரியோரின் வாழ்வைக் கற்கும்போது அவர்தம் குணத்தோடு குற்றத்தையும் நடுநிலையோடு காண வேண்டும். பெல்லிடத்தும் ஒரு பெருங்குறை இருந்தது. காது கேளாதோர் அனைவரும் வாயால் பேசவே பயில வேண்டும் என்றும், பள்ளிகளில் கைச்சைகை மொழி கூடாது என்றும் அவர் பிடிவாதமாகக் கருதினார். 1880-ஆம் ஆண்டில் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடும் அவ்வாறே தீர்மானித்தது. அதன் விளைவாகப் பல நாடுகளில் சைகை மொழி பள்ளியிலிருந்து விலக்கப்பட்டது. காது கேளாத ஆசிரியர் பலர் பணி இழந்தனர். 1883-ஆம் ஆண்டில் பெல் எழுதிய ஆய்வுரை ஒன்றில், காது கேளாதோர் தம்முள் மணம் செய்துகொள்வதால் அக்குறை வழிவழியாகப் பெருகும் என்று அஞ்சி, அம்மணங்கள் குறைய வேண்டும் என்று விரும்பினார். காது கேளாதோருக்குக் கல்லூரி நடத்திய எட்வர்டு கல்லாடெட் என்ற பெரியார், ஆசிரியர்களைப் பயிற்றுவதற்கு அரசிடம் 1891-ஆம் ஆண்டில் பொருளுதவி வேண்டியபோது, பெல் அதனை எதிர்த்து வாதாடினார். காது கேளாதோரே ஆசிரியராவர் என்பது அவருடைய அச்சம்.

அன்னையுடன் விரல்களால் பேசிய அதே மகன் இவ்வாறு எண்ணியது வியப்புக்குரியது. அவர் நெஞ்சில் அன்பு குறைவாக இருந்தது என்று கூற இயலாது. ஆனால், யாருக்காக உழைத்தாரோ அவர்களுடைய விருப்பத்தை அவர் போதிய அளவு கேட்கவில்லை. சைகையும் முழுமையான மொழியே என்பதைப் பிற்கால மொழியறிஞர் நிறுவினர். 2010-ஆம் ஆண்டில் வான்கூவர் நகரில் கூடிய மாநாடு, மிலான் தீர்மானங்களைத் தள்ளி வருத்தம் தெரிவித்தது. செவிக்கு உழைத்தவரும் பிறர் சொல்லுக்குச் செவி சாய்க்கத் தவறலாம் என்பது நாம் பெறும் படிப்பினை.

பெல், கனடா நாட்டில் தாம் விரும்பி வாழ்ந்த மலையில்லத்தில் 1922-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2-ஆம் நாள் இயற்கை எய்தினார். அவரை அடக்கம் செய்த வேளையில், வட அமெரிக்காவின் தொலைபேசிகள் அனைத்தும் ஒரு நிமிடம் வாய்மூடி நின்றன.

காது கேளாமை ஆராய்ச்சியில் பிறந்த தொலைபேசி, பின்னர் அவ்வாராய்ச்சிக்குத் தன் கடனைத் திருப்பிச் செலுத்தியது. ஹங்கேரி நாட்டு அஞ்சல் துறையின் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் பெக்கேசி என்ற அறிஞர் 1923-ஆம் ஆண்டு முதல் பணியாற்றினார். தொலைபேசி ஒலியைச் செம்மை செய்ய வேண்டுமானால் மனிதச் செவி எவ்வாறு கேட்கிறது என்று அறிய வேண்டும் அல்லவா? ஆகவே அவர் இறந்தோர் செவிகளை ஆராய்ந்து, நத்தை ஓடுபோல் சுருண்ட உட்செவியில் ஒலி அலையாய் ஓடும் முறையைக் கண்டார். 1961-ஆம் ஆண்டில் அவருக்கு மருத்துவத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. அரசின் அஞ்சல் துறை செலவிட்ட பணம் மருத்துவ அறிவாய் விளைந்தது. அமெரிக்க அரசும் 1988-ஆம் ஆண்டில் செவி பற்றிய ஆராய்ச்சிக்கெனத் தனித் தேசிய நிலையம் அமைத்தது.

நம் நாட்டிலும் இப்பணி தொடக்கத்தில் அருளாளர் சிலரின் தோளிலேயே நின்றது. பம்பாயில் 1885-ஆம் ஆண்டிலும் கல்கத்தாவில் 1893-ஆம் ஆண்டிலும் பள்ளிகள் தோன்றின. தமிழகத்தில் பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காது கேளாத பிள்ளைகளை அரவணைத்துக் கற்பித்தார். நாடு விடுதலை பெற்றபின் ஆராய்ச்சிப் பொறுப்பை அரசு ஏற்றது. 1965-ஆம் ஆண்டில் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேள்திறன் நிலையத்தை இந்திய அரசு நிறுவியது. மன்னர் ஜயசாமராஜ உடையார் அதற்கு நிலம் அளித்தார். குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் 1966-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டினார். 1983-ஆம் ஆண்டில் பம்பாயில் மற்றொரு தேசிய நிலையம் அமைந்தது. காது கேளாமையைத் தடுக்கும் தேசியத் திட்டம் 2006-ஆம் ஆண்டில் தொடங்கியது. இந்தியச் சைகை மொழியின் ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் 2015-ஆம் ஆண்டில் புதுதில்லியில் ஒரு மையம் ஏற்பட்டது. தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தால், ஆறு வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளும் உட்செவியில் பொருத்தும் மின்கருவியை விலையின்றிப் பெறுகின்றனர்.

ஆராய்ச்சி நமக்குக் கற்பித்தவை பல. ஓயாத பேரிரைச்சல் உட்செவியின் நுண்ணிய மயிரணுக்களை அழித்துவிடும். அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே பணிமனைகளில் செவிக்காப்பு இன்றியமையாதது. சீழ் வடியும் காதைப் புறக்கணித்தலும், எண்ணெய் காய்ச்சி ஊற்றுதலும் தீங்கு தரும். நெருங்கிய உறவில் மணம் செய்வோரின் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே கேளாமை மிகுதியாக நேர்கிறது. பிறந்த குழந்தையின் செவியைச் சில நாள்களிலேயே சோதித்தல் கூடும். குறையை எவ்வளவு விரைவில் அறிகிறோமோ, அவ்வளவு எளிதாக அக்குழந்தை மொழியைப் பெறுகிறது. இவற்றுள் எதுவும் ஒருவருடைய இரக்கத்தால் மட்டும் கிடைத்ததன்று. ஆண்டுதோறும் தளராது பொருள் வழங்கும் அரசும், தளராது உழைக்கும் அறிஞரும் கூடினாலன்றி இவ்வறிவு வளராது. வள்ளல் ஒருவர் மறைந்தால் அவர் கொடை நின்றுவிடலாம். மக்களின் வரிப்பணத்தால் நடக்கும் நற்பணி நிற்றலாகாது.

மாணவர்களே! அரியமங்கலத்துக் கடைசி வரிசை மாணவனை மறந்துவிடாதீர்கள். அத்தகைய தோழன் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். அவனைக் கண்டு சிரியாதீர்கள். ஆசிரியரிடம் தெரிவித்து, முன் வரிசையில் இடம் கொடுங்கள். அவன் முகத்தை நோக்கிப் பேசுங்கள். எப்படிப் பேசினால் அவனுக்கு எளிது என்று அவனையே கேளுங்கள். பெல் செய்த நற்பணியைத் தொடர்வதும், அவர் செய்யத் தவறியதைச் செய்வதும் அவ்வொரு செயலில் அடங்கும்.